பெரிய கம்பனியில் முதல் வருடம்: புதிய ட்ரக் சாரதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோப் பக்கம் ட்ரக் ஓட்டுகிற தமிழர்கள் இப்போது நிறையப் பேர். புதிதாக ஏ-இசட் லைசன்ஸ் (ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்கை ஓட்ட வேண்டியது) எடுத்த தம்பிமார் என்னிடம் கேட்கிற கேள்விகள் மட்டும் பத்து வருடமாக மாறவில்லை. தனித்தனியாகச் சொல்லி வாய் உளைந்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நானும் நூற்றுக்கணக்கான வண்டிகள் வைத்திருந்த ஒரு கம்பனியில்தான் தொடங்கினேன், பதினான்கு மாதம் அங்கே இருந்தேன். ஒன்ராறியோவிலிருந்து கனடாவுக்குள்ளும் அமெரிக்காவுக்கும் தூர ஓட்டம் ஓடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

லைசன்ஸ் எடுத்துவிட்டேன். ஏன் ஒருவரும் வேலை தருகிறார்கள் இல்லை?

காப்புறுதிதான் காரணம். ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல் ஏ வகுப்பு லைசன்சுக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். மெல்ட் என்று சொல்கிறோமே, அதுதான். அது உங்களைப் பரீட்சை வாசல் வரை கொண்டுபோய் விடும், வேலை வாசல் வரை அல்ல. பத்து வண்டி வைத்திருக்கிற முதலாளிக்கு உங்களைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவருடைய காப்புறுதிக் கம்பனி இரண்டு வருட அனுபவம், மூன்று வருட அனுபவம் என்று கேட்கும். புதியவரை ஏற்றினால் எல்லா வண்டிக்கும் கட்டணம் ஏறிவிடும் என்ற பயம் அவருக்கு.

பெரிய கம்பனியின் கணக்கு வேறு. அவர்களிடம் சொந்தப் பயிற்றுநர்கள், பாதுகாப்புப் பிரிவு, சின்னச் சேதங்களைத் தாங்களே தாங்கிக்கொள்ளும் பணபலம் எல்லாம் இருக்கின்றன. வின்னிபெக்கின் பைசன், கேம்பிரிட்ஜின் சலஞ்சர், அமெரிக்காவில் ஷ்னைடர், வேர்னர் போன்ற அளவில் இருக்கிற கம்பனிகளைச் சொல்கிறேன். புதியவருக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இந்த அளவுக் கம்பனிகள்தான்.

காப்புறுதிக்காரர்களைத் திட்டுவதற்கு முன் ஹம்போல்ட்டை நினைத்துப் பாருங்கள். 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஐஸ் ஹொக்கி விளையாடும் பிள்ளைகளின் பஸ்ஸும் ட்ரக்கும் மோதி 16 பேர் செத்தார்கள். ட்ரக்கை ஓட்டியவர் ஒரு சின்னக் கம்பனியில் புதிதாகச் சேர்ந்து, கொஞ்ச நாள் பழகிவிட்டுத் தனியாக அனுப்பப்பட்டவர். நிறுத்தற் பலகையில் நிற்காமல் போனார். அதற்குப் பிறகுதான் மேற்கு மாகாணங்களிலும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள்.

முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பல்லைக் கடிக்க வேண்டியவை இருக்கின்றன: கிடைக்கிற ஓட்டத்தை ஓடுவது, பழைய வண்டியை எடுப்பது, நத்தாருக்கு வீட்டில் இல்லாமல் ஒஹாயோவில் நிற்பது, ஒரு ட்ரெய்லரைப் பின்னுக்குப் போட நாற்பது நிமிடம் எடுத்து நாலு பேர் பார்க்க வியர்ப்பது. இவை தொழில் பழகும் கஷ்டம். பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது விபத்தில்லாத ஒரு வருடப் பதிவு. அந்தப் பதிவுதான் பிறகு எந்தக் காப்புறுதிக்காரனிடமும் செல்லுபடியாகும் காசு.

ஆனால் ஓடின மைலுக்குக் காசு தராமல் விடுவதும், லொக்கில் (ஓடின, ஓய்ந்த நேரத்தைப் பதியும் பதிவேட்டில்) பொய் எழுதச் சொல்வதும், பிரேக் பழுதான ட்ரெய்லரை இழுக்கச் சொல்வதும் தொழில் பழக்குவது அல்ல. "எல்லாரும் இப்படித்தான் தம்பி தொடங்கினவை" என்று சொல்லிக்கொண்டு இந்த இரண்டாவது வகையையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்தால் முதல் வருடம் அவ்வளவு பயங்கரம் இல்லை.

பயிற்றுநருடன் ஓடுவது எப்படி இருக்கும்?

சேர்ந்ததும் சில நாள் வகுப்பு, வீதிப் பரீட்சை, பிறகு சில கிழமைகள் ஒரு பயிற்றுநருடன் ஓட்டம். ஃபினிஷிங் என்று சொல்வார்கள். எவ்வளவு காலம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரு சின்னக் கபினுக்குள் முன்பின் தெரியாத மனிதருடன் சாப்பாடு, தூக்கம், குறட்டை எல்லாம். என் பயிற்றுநர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். அவர் பேசும் ஆங்கிலம் முதல் மூன்று நாள் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் கருவாட்டுச் சம்பல் மணம் அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, கணக்குச் சரி.

சேரும் முன் இரண்டு விடயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் எவ்வளவு. மற்றது, கம்பனி உங்கள் பயிற்சிச் செலவைக் கட்டுகிறது என்றால் எத்தனை மாதம் அங்கே வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

பயிற்றுநர் வெறுமனே உங்களை இரவில் ஓட்டவிட்டு, தான் தூங்கி மைல் சேர்க்கிறார் என்றால் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சம்பளம் உண்மையில் எப்படி வருகிறது?

நெடுந்தூரத்தில் பெரும்பாலும் மைல் கணக்கு. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் மைல் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிழமைக்கு எத்தனை மைல் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. மைலுக்கு 60 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 மைல் ஓடினால் 1,440 டொலர். அதே விலைக்கு 1,700 மைல்தான் கிடைத்தால் 1,020. நேர்முகத்தில் "உங்கள் புதிய சாரதிகள் போன மாதம் சராசரியாக எத்தனை மைல் ஓடினார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொன்று, அவர்கள் கணக்கெடுக்கும் மைல் உங்கள் ஓடோமீற்றர் காட்டும் மைல் அல்ல. கம்பனியின் மென்பொருள் ஊருக்கு ஊர் போடும் தூரம். நீங்கள் வழி தவறிச் சுற்றியது, 401 நெடுஞ்சாலையில் விபத்து என்று திருப்பிவிட்டதால் கூடியது எல்லாம் உங்கள் கணக்கில். வெறும் ட்ரெய்லருடன் ஓடும் மைலுக்கும் அதே விலையா, எல்லை கடப்பதற்குத் தனிக் காசு உண்டா, காத்திருப்புக் காசு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்கும் (வழக்கமாக இரண்டு) என்பதையும் கேட்க வேண்டும்.

ஓவர்டைம் பற்றியும் கேட்கிறார்கள். மாகாண எல்லை தாண்டி ஓடும் கம்பனிகள் கனடாவின் கூட்டாட்சித் தொழிற் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதில் நெடுஞ்சாலைச் சாரதிக்குக் கிழமைக்கு 60 மணித்தியாலத்துக்கு மேல்தான் ஓவர்டைம். நகருக்குள் ஓடுபவருக்கு நாளுக்கு 9, கிழமைக்கு 45.

இறக்கின இடம், நேரம், காத்திருந்த மணித்தியாலம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, சம்பளத் தாள் வந்ததும் ஒப்பிடுங்கள். என் முதல் வருடத்தில் மூன்று தடவை காத்திருப்புக் காசு விடுபட்டிருந்தது. கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினேன், மூன்று தடவையும் அடுத்த கிழமையே வந்தது. திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால் வந்திராது.

மணித்தியாலச் சட்டம் தலை சுற்றுகிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கனடாவில் நாளுக்கு 13 மணித்தியாலம் ஓட்டலாம், வேலை மொத்தம் 14, எல்லாம் தொடங்கியதிலிருந்து 16 மணித்தியாலத்துக்குள். அமெரிக்காவில் ஓட்டம் 11, அதுவும் தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள். அதற்கு முன் தொடர்ந்து 10 மணித்தியால ஓய்வு. 8 மணித்தியாலம் ஓட்டினால் 30 நிமிட இடைவேளை. மொத்த வேலை அங்கே 8 நாளில் 70 மணித்தியாலம், இங்கே வழக்கமாக 7 நாளில் 70.

புதியவர்கள் மாட்டுவது எல்லையில். கனடாவுக்குள் 12 மணித்தியாலம் ஓட்டியது இங்கே சட்டப்படி சரி. அப்படியே வின்சரில் அம்பாசடர் பாலம் ஏறி டிட்ரொயிட்டில் இறங்கினீர்கள் என்றால் அந்த நிமிடமே அமெரிக்கச் சட்டத்தை மீறியவர். எல்லை கடக்கிற நாளை அமெரிக்கக் கணக்கில் காலையிலேயே தொடங்குங்கள்.

முன்பு காகித லொக்கில் ஆளாளுக்குக் கவிதை எழுதினார்கள். அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்தும் கனடாவில் 2023 ஜனவரியிலிருந்தும் மின்னணு லொக் நடைமுறைக்கு வந்தபின் அது முடிந்தது. புதியவருக்கு இது நல்லது என்பேன். "கொஞ்சம் சமாளி" என்று சொல்கிறவரிடம் காட்ட ஒரு திரை இருக்கிறது.

ஓட்டம் பிரித்துத் தரும் டிஸ்பாச்சர் என்னை ஒதுக்குகிறார் போல இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் அவர் பக்கம் பாருங்கள். பெரிய கம்பனியில் ஒரு டிஸ்பாச்சர் கையில் முப்பது, நாற்பது சாரதிகள் இருக்கலாம். நல்ல ஓட்டம் ஒன்று வந்தால் யாரை நினைப்பார்? நேரத்துக்குப் போய்ச் சேருகிறவரை, பிந்தப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்கிறவரை. புதியவர் செய்கிற பெரிய பிழை, பிந்தும் என்று தெரிந்தும் பயத்தில் மௌனமாக இருந்துவிட்டு, கடைசி அரை மணித்தியாலத்தில் சொல்வது. நாலு மணித்தியாலம் முன்பே சொன்னால் அவர் நேரத்தை மாற்றிவிடுவார், உங்களுக்கு ஒரு பேச்சும் விழாது.

எதையும் வண்டிக் கணினியில் எழுத்தாக அனுப்புங்கள். தொலைபேசியில் கதைத்தால் கதைத்து முடிந்ததும், "நீங்கள் சொன்னபடி வியாழன் காலை 6 மணிக்கு இறக்குகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள்.

பென்சில்வேனியாவில் ஒரு களஞ்சியத்தில் என்னை ஆறு மணித்தியாலம் காக்க வைத்தார்கள். இறக்கி முடிந்தபோது என் 14 மணித்தியாலம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. அடுத்த லோட் ஐம்பது மைலில். "பக்கத்தில்தானே, போய்விடு" என்றார் டிஸ்பாச்சர். நான் எழுதினேன்: "இப்போது ஓடினால் மணித்தியாலச் சட்டத்தை மீற வேண்டும். மீறச் சொல்கிறீர்களா? எழுத்தில் சொல்லுங்கள்." பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு, "நாளைக்குக் காலையில் எடு." அமெரிக்காவில் 2016 ஜனவரி முதல் சாரதியைச் சட்டம் மீற வற்புறுத்துவதே தனிக் குற்றம் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு கிழமை மோசமான ஓட்டங்கள்தான் வந்தன, மறைக்க மாட்டேன். பிறகு எல்லாம் பழையபடி.

பின்னுக்குப் போட வரவே இல்லை. நான் இதற்கு லாயக்கில்லையா?

ஒருவருக்கும் வராது. 53 அடி ட்ரெய்லரைப் பாடசாலை யார்டில் கூம்புகளுக்கு நடுவில் போடுவது வேறு, இரவு பதினொரு மணிக்கு மழையில், சேற்றுக்குள், இரண்டு பக்கமும் வண்டி நிற்க நடுவில் நுழைப்பது வேறு. முதல் வருடத்தில் நடக்கிற இடிகளில் பெரும்பகுதி பின்னுக்குப் போகும்போது, அதுவும் வேகமே இல்லாமல் நடப்பவை.

இறங்கிப் போய்ப் பாருங்கள். இரண்டு தரம், மூன்று தரம் இறங்குங்கள். பார்க்கிறவன் சிரிக்கட்டும். சாரதிப் பக்கம் வளைத்துப் போடக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றப் பக்கம் உங்களுக்குக் குருட்டுப் பக்கம். ட்ரக் ஸ்டொப்பில் மாலை ஐந்து, ஆறு மணிக்கே நிறுத்தப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் போனால் மிஞ்சியிருப்பது எவரும் விரும்பாத மூலை இடம்தான்.

ட்ரெய்லரை வண்டியில் கொழுவும்போது மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். கொழுவிய பிறகு மெதுவாக ஒருமுறை இழுத்துப் பார்த்து, இறங்கி, கிங்பின்னை (ட்ரெய்லரின் அடியில் இருக்கும் கொழுவும் முளையை) சுற்றி வண்டியின் பூட்டுத் தாடை பூட்டியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். இழுத்துப் பார்த்தது மட்டும் போதாது. யார்ட் வாசலில் ட்ரெய்லரை முழங்காலில் விழவைத்த கதை எந்தப் பெரிய கம்பனியிலும் வருடா வருடம் ஒன்று இருக்கும்.

"தவிர்த்திருக்கலாம்" என்றொரு முத்திரை இருக்கிறது. பொலிஸ் உங்களில் பிழை இல்லை என்று சொன்னாலும், கம்பனி தன் கணக்கில் இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று எழுதலாம். முதல் வருடத்தில் அப்படி இரண்டு, மூன்று விழுந்தால் வேலை போகும். அமெரிக்க அரசின் பதிவில் பெரிய விபத்துகள் 5 வருடமும் வீதிச் சோதனைகள் 3 வருடமும் தெரியும், அடுத்த கம்பனி அதை எடுத்துப் பார்க்கும்.

உயரத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமான ட்ரெய்லர் 13 அடி 6 அங்குலம். வட கரோலினாவின் டர்ஹமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று, ட்ரக் கூரைகளை உரித்தே உலகப் புகழ் பெற்றது. 2019இல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள், அதன் பிறகும் இடிக்கிறார்கள். கார் ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடாதீர்கள்.

முதல் பனிக்காலம் பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான். சுப்பீரியர் ஏரிக்கு மேலே, வாவா பக்கம் 17ஆம் நெடுஞ்சாலை போக ஒரு தடம், வர ஒரு தடம், மலை, காடு. ட்ரக் விழுந்தால் பாதை பூட்டி மணித்தியாலக் கணக்கில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் வயோமிங்கின் ஐ-80 நெடுஞ்சாலையைக் காற்றுக்கே பூட்டுவார்கள், பனி வேண்டியதில்லை. வெறும் ட்ரெய்லர்தான் அங்கே முதலில் சாயும்.

வழுக்கும் வீதியில் இஞ்சின் பிரேக்கை நிற்பாட்டுங்கள், குரூஸ் (வேகத்தைத் தானே பிடிக்கும் வசதி) போடாதீர்கள். முன் வண்டியின் சக்கரங்கள் தெறிக்கும் தண்ணீர் சட்டென்று நின்றுவிட்டால் வீதி உறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்றைப் பலர் அடிபட்டுத்தான் படிக்கிறார்கள்: தெற்கே அடித்த டீசலுடன் வடக்கே வந்தால் கடும் குளிரில் அது மெழுகுபோல இறுகி வடிகட்டியை அடைக்கும். குளிர் இடத்துக்குள் நுழையும் முன் அங்கே விற்கும் குளிர்கால டீசலைச் சேருங்கள்.

இரண்டு நாள் சாப்பாடு, தண்ணீர், குளிர் உடுப்பு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஓட முடியாது என்று நினைத்தால் நிறுத்துங்கள். வீதியில் இருப்பது நீங்கள், பிராம்ப்டன் கந்தோரில் இருப்பவர் அல்ல.

எல்லை கடக்கப் புதியவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கஞ்சா. கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் சட்டப்படி கிடைக்கிறது. அமெரிக்க ஓட்டத்துக்கான போதைப்பொருள் பரிசோதனையில் அது இன்னமும் குற்றம்தான். பிடிபட்டால், அல்லது பரிசோதனைக்கு மறுத்தால், 2020இல் தொடங்கிய அமெரிக்கத் தகவல் களஞ்சியத்தில் பெயர் ஏறும். பிறகு எந்தக் கம்பனியும் தொட யோசிக்கும். வீட்டில் விருந்தில் ஒருமுறைதான் என்ற கதை அங்கே எடுபடாது.

ஆங்கிலம். 2025 ஜூன் 25 முதல் அமெரிக்காவில் வீதிச் சோதனையில் ஆங்கிலம் கதைக்க, பலகை வாசிக்க முடியாவிட்டால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். என்ன லோட், எங்கிருந்து எங்கே, எத்தனை மணித்தியாலம் ஓடினீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள்.

அப்புறம் கறிவேப்பிலை. சிரிக்காதீர்கள். எலுமிச்சை, தோடை மரங்களைக் கொல்லும் ஒரு நோயைக் காவும் பூச்சி அதில் இருக்கும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் போகக்கூடாது. அம்மா பொதி கட்டித் தந்ததைச் சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால், எல்லையை விரைவாகக் கடக்கக் கஷ்டப்பட்டு எடுத்த ஃபாஸ்ட் அட்டையே போகலாம்.

"உங்கள் பெயரில் ஒரு கம்பனி பதிந்து வாருங்கள், கூடக் காசு" என்கிறார்கள். நல்லதா?

இல்லை. இதற்குப் பெயர் டிரைவர் இங்க். வண்டி அவர்களுடையது, லோட் அவர்களுடையது, நேரம் அவர்கள் சொல்வது, நீங்கள் மட்டும் "சுயதொழில்". கையில் வருவது கூடுதலாகத் தெரியும். ஓய்வூதியப் பங்கும் வேலையின்மைக் காப்புறுதியும் விடுமுறைக் காசும் இல்லை. வேலையில் காயப்பட்டால் கேட்க நாதி இல்லை. வரி இலாகா உங்களை ஊழியர்போல என்று பார்த்தால் சிறு வணிக வரிச் சலுகையும் கிடையாது. சம்பளத்தை இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்துக்குப் போக, முதலில் நீங்கள் ஊழியர் என்று நிறுவ வேண்டும்.

வண்டியைக் கம்பனியிடமே தவணைக்கு எடுத்து ஓடும் திட்டமும் அதே குடும்பம். வேலை தருவதும் அவர்கள், தவணை கழிப்பதும் அவர்கள். லோட் குறைந்த கிழமையில் உங்கள் பெயரில் கடன் நிற்கும். அமெரிக்க அரசு இதை ஆராய ஒரு குழு வைத்தது. அந்தக் குழு 2025 ஜனவரியில் இத்தகைய திட்டங்களையே தடை செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது. முதல் வருடத்தில் சொந்த வண்டி ஆசை வேண்டாம்.

எப்போது விலகலாம்?

ஒரு வருடம் முடியட்டும், இரண்டு என்றால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் பெரிய கம்பனிகளில் சாரதிகள் மாறும் வீதம் பல வருடம் ஆண்டுக்கு 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆகவே நீங்கள் போவது அவர்களுக்கு அதிர்ச்சி இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் மூன்று கம்பனி மாறியவரை அடுத்தவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பாதுகாப்பில் கை வைக்கிறார்கள், சம்பளம் தருகிறார்கள் இல்லை என்றால் அந்த ஒரு வருடத்தை எண்ணிக்கொண்டு இருக்கத் தேவையில்லை, முதல் மாதமே கிளம்பலாம்.

போகும்போது எழுத்தில் இரண்டு கிழமை அறிவித்தல் கொடுங்கள். என்ன கோபம் இருந்தாலும் வண்டியை ட்ரக் ஸ்டொப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். வண்டியைக் கைவிட்டவர் என்று பதிவில் விழுந்தால் அழிக்கப் பெரும் பாடு. கம்பனி யார்டிலேயே கொண்டுபோய் நிறுத்தி, சுற்றிவர, உள்ளே, டயர், எரிபொருள் அளவு எல்லாம் படம் எடுத்து, திறப்பைக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். லொக் பிரதிகளையும் சம்பளத் தாள்களையும் திறப்பைக் கொடுக்கும் முன்பே இறக்கி வையுங்கள். உங்கள் கணக்கை மூடினபிறகு கம்பனியின் ஆப் திறக்காது.